ராஜகிரி அடிவாரத்தில் கொளஞ்சியப்பன்

எங்கள் செக்‌ஷனில் யாராவது ரிட்டையர் ஆனால் அதற்கென்று ஒரு முறை உண்டு. பெர்மனென்ட் ஆள் என்றால் சால்வை, ரோஜா மாலை, மனைவியோடு மேடை, மதியம் பிரியாணி. காண்ட்ராக்ட் ஆள் என்றால் ஒரு டீ, ஒரு பொட்டலம் மிக்சர், முதுகில் ஒரு தட்டு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. கொளஞ்சியப்பனுக்கு அறுபது முடிந்து, ஜனவரி முப்பத்தொன்றோடு அவருடைய கேட் பாஸ் முடிகிறது என்று தெரிந்தபோது எங்கள் இன்சார்ஜ் மதிவாணனுக்கு என்ன தோன்றியதோ, அவரைக் கூப்பிட்டு, "ஒங்களுக்கு என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கைக்கடிகாரம் கேட்பார், மிஞ்சிப் போனால் மிக்சி கேட்பார் என்று நினைத்தேன். கொளஞ்சியப்பன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"செஞ்சிக் கோட்ட மேல ஏறணுங்க. நானும் எங்க வூட்ல அவளும். மேல போயி ரெண்டு பேரும் சேந்து கொஞ்ச நேரம் ஒக்காந்துகினு இருக்கணும். அவ்ளோதாங்க."

மதிவாணன் சிரித்துவிட்டார். நானும்தான். பிறகு கொளஞ்சியப்பன் சொன்னது இது. கல்யாணமான வருஷத்திலிருந்து அவரும் மாணிக்கம்மாளும் வருஷத்துக்கு ஒரு அமாவாசை மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகிறவர்கள். விழுப்புரத்தில் ஏறினால் பஸ் செஞ்சி வழியாகத்தான் போகும். முதல் தடவை போனபோது ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த புதுப்பெண் மலை உச்சியில் கட்டடம் இருப்பதைப் பார்த்து, "அங்கல்லாம் மனுசங்க போவ முடியுமா?" என்று கேட்டிருக்கிறாள். "ஒரு நாளு கூட்டிகினு போறேன்" என்று இவர் சொல்லியிருக்கிறார். அது ஆயிற்று முப்பத்தைந்து வருஷம். வருஷா வருஷம் அதே பஸ், அதே ஜன்னல், அதே பேச்சு. இறங்கியதுதான் இல்லை. அமாவாசைக்கு ஒரு நாள் வேலையை விடுவதே பெரும்பாடு. மறுநாள் வேலைக்குப் போயாக வேண்டும். இப்போது மாணிக்கம்மாளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, இந்த வருஷம் விட்டால் அவளால் ஏறவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"சரி, போயிருவோம்" என்றார் மதிவாணன். ஆளாளுக்குப் பங்கு போட்டு ஒரு வேன் பேசினோம்.

இனி என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் சௌகரியமாகத்தான் இருக்கும். என் பெயர் சுதாகர். சுரங்கத்து டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, அப்பா ரிட்டையரான கையோடு நான் வேலைக்குச் சேர்ந்தவன். பெர்மனென்ட். கொளஞ்சியப்பன் சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு கிராமம். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள், களை பறித்தவர்கள். இவரும் முப்பத்தாறு வயது வரைக்கும் அதே வேலைதான். பிறகு காண்ட்ராக்டில் சுரங்கத்துக்கு வந்தார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். அவர் என்னை 'சார்' என்பார். நான் அவரைக் 'கொளஞ்சி' என்பேன். இதையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

எங்களுக்கு வேலை கன்வேயர் பெல்ட்டில். சுரங்கத்தில் வெட்டி ஒரு பெல்ட்டில் வரும் மண் இன்னொரு பெல்ட்டில் போய் விழும் இடத்தில் ஒரு ஆள் எப்போதும் நிற்க வேண்டும். உருளை மாட்டிக்கொண்டால், பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினால், கல் வந்து அடைத்தால், கயிற்றை இழுத்து நிறுத்த வேண்டும். ஆள் குறைந்த பிறகு பெர்மனென்ட், காண்ட்ராக்ட் என்று பார்க்காமல் மாறி மாறி நின்றோம். கொளஞ்சியப்பனுக்குக் காதுதான் கருவி. உருளை ஒன்று கெடுவதற்கு இரண்டு நாள் முன்பே, "சார், அந்த மூணாவது தூணுக்கு அந்தாண்ட ஒண்ணு மொனகுது" என்பார். எனக்கு ஒரு எழவும் கேட்காது. இரண்டு நாள் கழித்து அது உடையும்.

இந்த வேலையில் ஒரே ஒரு சட்டம்தான் பெரிய சட்டம். மாற்று ஆள் வராமல் இடத்தை விட்டு நகரக் கூடாது. மணி அடித்ததும் கிளம்ப இது ஆபீஸ் இல்லை. அடுத்த ஷிப்ட் ஆள் நேரில் வந்து, நிலவரம் கேட்டு, "சரி, நீங்க போங்க" என்று சொன்ன பிறகுதான் கால் எடுக்க வேண்டும். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் நாங்கள் தூரத்தில் தலை தெரிந்தாலே கை காட்டிவிட்டு நடையைக் கட்டுவோம். கொளஞ்சியப்பன் மட்டும் நிற்பார். நான் எதிரே வந்து நின்றதும் என்ன சத்தம், எங்கே கசிவு, கிரீஸ் எவ்வளவு மிச்சம் என்று ஒப்பிப்பார். நான் காதில் வாங்கிக்கொள்ளாவிட்டாலும் ஒப்பிப்பார். அதன் பிறகுதான் சாப்பாட்டுத் தூக்கை எடுப்பார்.

பெரும்பாலும் அவர் காலை ஷிப்ட், நான் இரண்டு மணி ஷிப்ட். நான் இரண்டு மணிக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. இரண்டேகால், இரண்டரை. சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணசந்துவிட்டுக் கிளம்பினால் அப்படித்தான் ஆகும். அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதனால் அது தப்பு என்றே எனக்குத் தோன்றவில்லை. வாயைத் திறக்காத மனிதர்களோடு வேலை செய்வதில் இருக்கும் சுகம் அது.

மார்கழிக் கடைசி ஞாயிறு காலை ஆறு மணிக்கு மந்தாரக்குப்பத்தில் வேன் புறப்பட்டது. பதினொரு பேர். நல்ல பனி. பண்ருட்டி தாண்டும் வரைக்கும் முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. கொளஞ்சியப்பன் சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மாணிக்கம்மாள் அரக்குப் பட்டு கட்டி, தலையில் காதை மூடி ஒரு துண்டைச் சுற்றியிருந்தார். அன்றைக்குத்தான் அவரை நான் முதல்முதலாகப் பார்க்கிறேன். என் மனைவி சரிதா அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாள்.

"எத்தினி வருசமா இவரு வூட்டுக்கு நாலர மணிக்குத்தான் வருவாரு" என்று மாணிக்கம்மாள் சொல்வது என் காதில் விழுந்தது. "ரெண்டே கால் பஸ்ச வுட்டுட்டா அப்பறம் மூணரைக்குத்தாங்க பஸ்சு."

சரிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பனிதான் இருந்தது, பார்க்க ஒன்றுமில்லை.

பத்து மணிக்குச் செஞ்சி. பனி விலகி மலைகள் தெரிந்தன. மலை என்றால் எங்களுக்குச் சுரங்கத்து மண்மேடுதான் மலை. இது வேறு. உருண்டை உருண்டையான பாறைகளை யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போன மாதிரி. அதன் தலையில் மதில். கொளஞ்சியப்பன் வேனை விட்டு இறங்கியதும் செருப்பைக் கழற்றப் போனார். "கோயில் இல்ல, கோட்ட" என்று மதிவாணன் சொன்ன பிறகு மறுபடி மாட்டிக்கொண்டார்.

முதலில் சின்னக் கோட்டை, பிறகு பெரிய கோட்டை என்று மதிவாணன் திட்டம் போட்டார். ராணிக் கோட்டை என்று சொல்லும் கிருஷ்ணகிரிக் குன்றுதான் சின்னது, அதற்குப் படி குறைவு. கொளஞ்சியப்பனும் மாணிக்கம்மாளும் அங்கே ஏறவில்லை. "முட்டிய அங்க செலவு பண்ண வேணாம்" என்று கீழே ஒரு கல்லில் உட்கார்ந்து எதிர்ப்பக்கத்துப் பெரிய கோட்டையான ராஜகிரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மேலே போய்க் காற்று வாங்கி, ஆளுக்கு நாற்பது போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பும்போது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. ராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மகால் என்கிற பழைய கோட்டைக் கட்டடத்துக்குப் பக்கத்துப் புல்தரையில் சாப்பாட்டைப் பிரித்தோம். எலுமிச்சை சாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்குப் பொரியல்.

சாப்பாட்டோடு வந்தது குரங்கு. ஒன்றிரண்டல்ல, ஒரு பட்டாளம். கையில் இருப்பதைப் பிடுங்கும், பையைத் திறக்கும், பாட்டில் மூடியைத் திருகும். மிச்சச் சாப்பாட்டோடும் பைகளோடும் ஆயிரத்துச் சொச்சம் படி ஏற முடியாது. வேனில் வைக்கலாம் என்றால் டிரைவர் எங்கேயோ நிழல் தேடி நிறுத்திவிட்டு, போனையும் எடுக்காமல் தூங்குகிறார். படி தொடங்கும் இடத்து வாசலில் இருந்த காவலாளி வேறு, "மூணு மணிக்கு மேல யாரையும் மேல வுட மாட்டோம், சீக்கிரம் ஏறுங்க" என்றார். ஆகவே ஒருவர் பையோடு கீழே இருப்பது, பிறகு இன்னொருவர் வந்து மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று. முதலில் யார் இருப்பது? என்னைத்தான் சொன்னார்கள். கிருஷ்ணகிரியில் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டவன் நான்.

மெதுவாகத்தான் ஏற முடியும் என்று மாணிக்கம்மாள் சரிதாவோடு முன்னாலேயே கிளம்பிவிட்டார். கொளஞ்சியப்பனும் கூடவே நாலு படி ஏறினார். அப்போதுதான் நான் கூப்பிட்டேன்.

"கொளஞ்சி, ஒரு பத்து நிமிஷம் பையைப் பாத்துக்குங்க. அந்த மண்டபத்துல ஒரு போட்டோ எடுத்துட்டு வந்து மாத்தி விட்டுர்றேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். "நீ மெதுவா ஏறிகினே இரு. சார் வந்ததும் ஓடியாந்து புடிச்சிடறேன்" என்றார். அவருக்கு அது பெரிய காரியமில்லை. இருபத்து நான்கு வருஷம் பெல்ட் ஓரமாகவே நடந்த கால்கள். நாலு படி இறங்கி வந்து, பைகளை எண்ணிப் பார்த்து, ஒரு குச்சியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போது மணி ஒன்று.

இதற்குப் பிறகு நடந்ததற்கு நான் எந்தச் சாக்குப்போக்கும் சொல்லப் போவதில்லை. சாக்கு என்று ஒன்றும் இல்லை. மண்டபத்தில் போட்டோ எடுத்தேன். கொஞ்சம் மேலே போனால் மகாலும் நெற்களஞ்சியமும் போட்டோவில் சேர்ந்து விழும் என்று தோன்றியது. முப்பது படி ஏறினேன். அங்கே மதிவாணனும் மற்றவர்களும் என்னைத் தாண்டிப் போனார்கள். "வாய்யா, அம்மன் கோயில் வரைக்கும் வந்துட்டுத் திரும்பு" என்றார் மதிவாணன். பாதி மலையில் இருக்கும் அந்த அம்மன் கோயில் வரைக்கும் போனேன். அதற்கு மேல் படி செங்குத்தாக நிற்கிறது. இவ்வளவு வந்துவிட்டு இறங்குவதா என்று ஒரு எரிச்சல். கீழே இருப்பவர் கொளஞ்சியப்பன். பதில் பேசாதவர். காத்திருப்பவர். அந்தத் தைரியம்தான். அதை அப்போது நான் நினைத்தேனா என்றால் நினைக்கவில்லை. நினைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் அது எனக்குள் ஊறியிருந்தது. நின்று நின்று, தண்ணீர் குடித்து, இன்னும் ஒரு இருபது போட்டோ எடுத்து நான் ஏறிக்கொண்டிருந்தேன்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மலை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அதன் மேல் ஒரு சின்னப் பாலம். அதைத் தாண்டினால் கோட்டை. காற்று ஆளைத் தள்ளியது. இத்தனை வருஷம் சுரங்கப் பள்ளத்தில் இறங்கி வேலை பார்த்தவனுக்கு அப்படி ஒரு உயரம் ஒரு மாதிரி மயக்கமாகத்தான் இருந்தது. மூச்சு வாங்கியது. மண்டபத்து ஓரத்தில் மாணிக்கம்மாள் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு துண்டு விரித்திருந்தது. நான் அப்பாடா என்று அதில் போய் உட்கார்ந்தேன்.

அவர் சற்று விலகினார். "அது அவருக்குப் போட்ட எடங்க" என்றார். பிறகு நான் வந்த வழியை எட்டிப் பார்த்தார். "எங்கங்க அவரு? ஒங்க பின்னால வராரா?"

சரிதா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "நீங்கதானே கீழ இருக்கணும்?" என்றாள். மணி பார்த்தேன். இரண்டு இருபத்தைந்து.

போன் செய்யலாம் என்றால் கொளஞ்சியப்பனின் போன் மாணிக்கம்மாளின் சுருக்குப்பையில் இருந்தது. அவர் அதை எடுத்து என்னிடம் காட்டினார். டிரைவரைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடிவாரத்தில் எங்கள் ஆள் வேறு யாரும் இல்லை.  நான் எழுந்த பிறகு மாணிக்கம்மாள் துண்டின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

இறங்கினேன். ஓடினேன் என்று சொல்ல ஆசை. ஐம்பத்து மூன்று வயதில் தொப்பையோடு அந்தப் படிகளில் ஓட முடியாது. அரைப் படி, முக்கால் படி, கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு, எதிரே ஏறி வருகிறவர்களை ஒதுங்கச் சொல்லிக் கத்திக்கொண்டு இறங்கினேன். அம்மன் கோயிலில் மணி இரண்டு ஐம்பது. நிற்கவில்லை. அங்கிருந்து எட்டிப் பார்த்தால் அடிவாரத்தில் மரத்தடியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. கத்திக் கூப்பிட்டேன். அவ்வளவு தூரம் கேட்காது. உருளை முனகுவது கேட்கிற காதுக்கும் கேட்கவில்லை.

வாசலுக்கு வரும்போது மூன்று பன்னிரண்டு. குறுக்கே சங்கிலி போட்டிருந்தார்கள். காவலாளி எனக்காகச் சங்கிலியைத் தூக்கிப் பிடித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா அந்த ஆளு? மூணு தடவ சொன்னேங்க அவருகிட்ட. பையெல்லாம் என் ரூமுல வச்சிட்டு ஏறிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்னு. 'இல்லீங்க, மாத்தி வுட வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு, வந்துடுவாரு'ன்னாரு. மூணு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கறப்பக்கூடச் சொன்னேன்."

கொளஞ்சியப்பன் எழுந்து நின்றார். குச்சியைக் கீழே வைத்தார். வழக்கம்போல ஒப்பிக்க ஆரம்பித்தார்.

"தயிர்சாத டப்பா மூடி ஒண்ண கொரங்கு எடுத்துகினு போயிடுச்சுங்க. மத்தது எல்லாம் சரியா இருக்குது. தண்ணி பாட்டிலு நாலு. மதிவாணன் சாரோட பை அந்தாண்ட மரத்துகிட்ட மாட்டி வச்சிருக்கறேன்."

நான் காவலாளியிடம் கெஞ்சினேன். ரிட்டையர் ஆகிற மனிதர், இதற்காகவே வந்தோம், அவர் மனைவி மேலே காத்துக்கொண்டிருக்கிறார் என்றெல்லாம் சொன்னேன். அடையாள அட்டையைக் கூட எடுத்து நீட்டினேன். சுரங்கத்து அட்டைக்குச் செஞ்சியில் என்ன மரியாதை? "அவரு மேல போயி எறங்கறதுக்குள்ள இருட்டிடுங்க. அப்பறம் யாரு பதில் சொல்றது?" என்றார் காவலாளி. அவர் பேச்சில் கோபம் இல்லை.

"வுடுங்க சார். அவரு வேலைய அவரு பாக்குறாரு" என்றார் கொளஞ்சியப்பன்.

சங்கிலிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு மேலே பார்த்தார். அங்கிருந்து உச்சி தெரியாது. நடுவில் பாறை மறைக்கும். நான் பக்கத்தில் போய், "அடுத்த ஞாயித்துக்கிழமை நாம மட்டும் வருவோம். கார் வச்சிக் கூட்டிட்டு வர்றேன்" என்றேன். நான் மறுபடியும் சொன்னேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வெயில் இறங்கி, குளிர் காற்று வர ஆரம்பித்தது. நான் பைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு மணி நேரம் தாமதமாக என் ட்யூட்டியை ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம்.

நாலேகாலுக்கு மாணிக்கம்மாள் கண்ணில் பட்டார். ஒரு கை சரிதாவின் தோளில், ஒரு கை சுவரில். ஒவ்வொரு படிக்கும் பக்கவாட்டில் திரும்பி, இரண்டு காலையும் ஊன்றி, நின்று, அடுத்த படி. அவர் முகம் வலியில் கோணியிருந்தது. கொளஞ்சியப்பன் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று நான் சொன்னதற்கு அதுதான் பதில். எனக்கே தெரிந்துவிட்டது. மாணிக்கம்மாளால் இன்னொரு தடவை ஏற முடியாது.

காவலாளி சங்கிலியைத் தூக்கினார். மாணிக்கம்மாள் கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சரிதா தண்ணீர் கொடுத்தாள்.

"பாத்தியா?" என்று கேட்டார் கொளஞ்சியப்பன்.

"என்னாத்த பாத்தேன்? நீ வருவ வருவன்னு அந்தப் பாலத்தையேதான் பாத்துகினு ஒக்காந்திருந்தேன்." மூச்சு விட்டுக்கொண்டார். "இந்தப் பக்கம் திரும்பி ஊரு எப்பிடி இருக்குதுன்னுகூடப் பாக்கல. நீ வந்தப்பறம் ரெண்டு பேருமா பாக்கலாம்னு இருந்துட்டேன். மூணு மணிக்கு மேலதான் இந்தப் பொண்ணு சொல்லுது, இனிமே வுட மாட்டாங்கன்னு. அப்பறம் என்னாத்துக்குப் பாக்குறது? எறங்கிட்டேன்."

அவர் அழவில்லை. சொல்லிவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். மதிவாணனும் மற்றவர்களும் பின்னாலேயே வந்து நின்றார்கள்.

கொளஞ்சியப்பன் என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து நின்றேன். என்னை அவர் அப்படி நேருக்கு நேர் பார்த்து எனக்குப் பழக்கமில்லை. குரலை உயர்த்தவில்லை. சார் என்பதையும் விடவில்லை.

"இன்னைக்கி ஒரு நாளு நேரத்துக்கு வந்திருக்கக் கூடாதா சார்?"

இருபத்து நான்கு வருஷத்தில் அவர் என்னைக் கேட்ட ஒரே கேள்வி அது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் குனிந்து மாணிக்கம்மாளின் காலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.